அப்பீல் போட்டால் திவால் வழக்கு நிற்குமா?

மங்கலம்பேட்டையில் வந்து திவாலைப் பற்றிப் பேசுகிறோமே என்று முகம் சுளிக்க வேண்டாம். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை பக்கத்தில் இருக்கிற ஊர் இது. சூளை வைத்திருப்பவரும் உண்டு, கம்பெனிக்குச் சரக்கு கொடுத்துப் பணத்துக்குக் காத்திருப்பவரும் உண்டு. இரண்டு பேருக்கும் இந்த விஷயம் தேவைப்படும்.

"அப்பீல் போட்டாச்சு, இனி ஒண்ணும் ஆகாது" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அப்படி இல்லைங்க. மேல்முறையீடு வேறு, ஸ்டே வேறு. தடை உத்தரவை மனு போட்டுத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்கும்வரை கீழே வழக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

2016-ம் ஆண்டு திவால் சட்டப்படி ஒரு கம்பெனி மீதான மனுவைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், நிர்வாகம் அன்றைக்கே இயக்குநர்கள் கையை விட்டுப் போய்விடும். இடைக்காலத் தீர்வு நிபுணர் வந்து உட்கார்ந்துவிடுவார். சில வாரங்களில் கடன் கொடுத்தோர் குழு அமையும். அதற்குப் பிறகு, மனு போட்டவரோடு மட்டும் சமாதானம் பேசி வெளியே வருவது ரொம்பக் கஷ்டம்.

பைஜூஸ் வழக்கைப் பாருங்கள். கிரிக்கெட் வாரியத்துக்கு 158.9 கோடி ரூபாய் பாக்கி. 2024 ஜூலை 16-ல் பெங்களூரு தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்றது. பைஜு ரவீந்திரன் சென்னையில் உள்ள மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனார். பாக்கியைக் கட்டுவதாகச் சமாதானம் ஆனது, ஆகஸ்ட் 2-ல் திவால் நடவடிக்கை ரத்தானது. முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கடன் கொடுத்தவர்கள் தரப்பு உச்ச நீதிமன்றம் போய், ஆகஸ்ட் 14-ல் அந்த ரத்து உத்தரவுக்கே ஸ்டே வாங்கிவிட்டது! திவால் நடவடிக்கைக்கு மறுபடி உயிர் வந்தது, கடன் கொடுத்தோர் குழுவும் அமைந்தது. அக்டோபர் 23-ல், மனுவைத் திரும்பப் பெறச் சட்டம் சொன்ன வழியில் போகவில்லை என்று சொல்லி, சென்னைத் தீர்ப்பாயத்தின் உத்தரவையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஸ்டே நமக்கு மட்டும் உள்ள ஆயுதம் இல்லை, எதிர்த்தரப்பும் எடுக்கும்.

அடுத்து, நாள் கணக்கு. அப்பீலுக்கு 30 நாள். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 15 நாள், அவ்வளவுதான். திருச்சி கொதிகலன் நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2019 டிசம்பர் 31-ல் சென்னைத் தீர்ப்பாயம் உத்தரவு சொன்னது. அது இணையத்தில் ஏறியது மார்ச் மாதம். ஜூன் மாதம் அப்பீல் போட்டார்கள். உத்தரவைச் சொன்ன நாளிலிருந்துதான் கணக்கு, சான்றிட்ட நகலுக்கும் மனு போடவில்லை என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆகவே உத்தரவு சொன்ன அன்றே நகலுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஆன்லைனில் வரட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

முப்பதாவது நாள்வரை இழுக்கவும் வேண்டாம். அதற்குள் குழு அமைந்துவிடக்கூடும். அப்பீலோடு சேர்த்தே ஸ்டே மனுவையும், அவசர விசாரணை கோரும் மனுவையும் போடச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள். பணம் கட்டிய ரசீது, பாக்கி பற்றிய தகராறைக் காட்டும் பழைய கடிதங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் கொடுங்கள். பாக்கியை டெபாசிட் செய்ய முடியுமென்றால் அதையும் சொல்லுங்கள்.

சொந்தப் பெயரில் சூளை நடத்துபவருக்கு இந்தத் தீர்ப்பாயம் கிடையாது. நாம் மஞ்சள் கடுதாசி என்கிறோமே, அது 1920-ம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். சார்பு நீதிமன்ற உத்தரவு மீது மாவட்ட நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் அப்பீல். அங்கேயும் ஸ்டேயைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். கூப்பிடும்போது உத்தரவு தேதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.