காப்புப் பருவத்துக்கு முன்னே



குழந்தையைப் பாடுவதற்கென்றே தமிழில் ஓர் இலக்கிய வகை உண்டு. பிள்ளைத்தமிழ், குழந்தையின் 3-ஆம் திங்களில் காப்புப் பருவத்தோடு தொடங்குகிறது. செங்கீரை, தால், சப்பாணி எனத் தவழ்ந்தும் தளர்நடையிட்டும் 21-ஆம் திங்கள் வரை செல்கிறது. பெரியாழ்வார் சற்று முன்னே போகிறார். கண்ணன் பிறந்த நாளின் ஆரவாரத்தைப் பாடுகிறார். அதற்கும் முன்னே? நிறைசூலோடு ஒருத்தி நாளெண்ணிக் காத்திருக்கும் கடைசி வாரங்களுக்குப் பருவப் பெயர் ஒன்றும் இல்லை. பத்துப் பருவம் வகுத்த தமிழ், அவற்றுக்கு முன்னால் ஒன்றை வைக்க ஏன் தயங்கிற்று என்பதே இன்றைய உரையின் பொருள்.

இவ்வினாவை எழுப்புவதற்கு ஆழ்வார்திருநகரியைவிடப் பொருத்தமான ஊர் அரிது. திருக்குருகூர் என்பது அதன் பழம்பெயர். பொருநைக் கரையில் நம்மாழ்வார் அவதரித்த அவ்வூரின் குருபரம்பரைக் கதையை அவையோர் அறிவர். காரியாரும் உடையநங்கையாரும், நங்கையாரின் பிறந்தகமாகிய திருவண்பரிசாரத்துக்குச் சென்று மீளும் வழியில், திருக்குறுங்குடி நம்பியிடம் பிள்ளை வரம் வேண்டுகின்றனர். தாமே பிள்ளையாக வருவதாக நம்பி வாக்களிக்கிறார். அடுத்து நடப்பது கருதத்தக்கது. குழந்தை பிறப்பதற்கு முன்பே ஆதிசேடன் குருகூருக்கு வந்து புளியமரமாக நின்றுகொள்கிறான். பிள்ளை கிடக்கப்போகும் இடத்தில் நிழல் முன்கூட்டியே விரிக்கப்பட்டுவிட்டது. ஆதிநாதர் கோயிலுக்குள் இன்றும் நிற்கும் அம்மரத்தின் இலைகள் இரவில் கூம்புவதில்லை என்பர். ஆதலால் அதற்கு உறங்காப்புளி என்று பெயர். நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டில் இரவு முழுவதும் யாரேனும் ஒருவர் அரை விழிப்பில் இருப்பார். மரத்துக்குப் பெயரிட்டவர்கள் அதனை அறியாதவர்கள் அல்லர்.

கருப்பையின் இறுதிக் கணத்தையும் அக்கதை விட்டுவைக்கவில்லை. சடம் என்னும் வாயு, பிறக்கும் குழந்தையைத் தீண்டி முன்னை அறிவை மறைத்துவிடும் என்றும், அவ்வாயுவைச் சினந்து விலக்கியதால் அவர் சடகோபர் ஆனார் என்றும் பெரியோர் கூறுவர். இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னவர்கள், உடையநங்கையார் அந்த வாரங்களில் என்ன செய்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நம்பி வருகிறார், பாம்பு வருகிறது, மரம் வருகிறது. தாய் மடித்து வைத்த துணி கதைக்குள் வரவில்லை.

துணி என்றது பழைய துணியை. பலமுறை துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்த பருத்திப் புடவையைக் கிழித்து, வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, மடித்து மூலையில் வைப்பார்கள். புதுத்துணி எடுப்பதில்லை, தொட்டில் கட்டுவதில்லை, பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. வளைகாப்பு முடிந்து மகள் தாய்வீடு வந்தபின், அடுக்களையில் மட்டும் ஓசையின்றி ஒரு வேலை நடக்கும். சுக்கும் மிளகும் திப்பிலியும் வறுத்து இடித்து, உடன்குடிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறும் பிள்ளைபெற்றாள் மருந்துக்கான பண்டங்கள் ஒவ்வொன்றாக வந்து சேரும். முதல் நாளில் குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைக்கத் தகுந்தவர் யார் என்று பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்வார்கள். (அவ்வழக்கை மருத்துவர்கள் இன்று ஏற்பதில்லை; ஒரு மணி நேரத்துக்குள் தாயின் சீம்பாலே போதும் என்கின்றனர். அது நல்லது.) ஆயத்தம் எல்லாம் உண்டு, ஆனால் ஆயத்தம் என்று தெரியக் கூடாது. எதிர்பார்ப்பதைக் காட்டிக்கொண்டால் வருவது வராமற்போய்விடும் என்ற அச்சம் அது. பேறு என்பதைப் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று சொல்லிய காலத்தில் அவ்வச்சத்துக்குக் காரணமும் இருந்தது.

வீட்டின் தயக்கமே புலவரின் தயக்கமும் ஆயிற்று என்று கொள்ளலாம். பிறந்து, பிழைத்து, தலை நின்ற பிறகு பாடுவோம் என்று 3-ஆம் திங்கள் வரை பொறுத்திருந்தார்கள் போலும். அப்போதும் முதற்பாட்டு தெய்வங்களைக் காக்குமாறு வேண்டும் காப்பே அன்றோ!

விலக்கு இல்லாமலும் இல்லை. குறுந்தொகையின் 287-ஆம் பாட்டில், நீர் சுமந்து மலைநோக்கி மெல்ல ஏறும் கார்மேகத்துக்கு உவமையாக, நடக்க மாட்டாமல் தளர்ந்து பசும்புளிக்கு ஏங்கும் நிறைசூல் மகளிரைக் காட்டுகிறார் கச்சிப்பேட்டு நன்னாகையார். சுமக்கும் காலத்தை அவர் பன்னிரண்டு திங்கள் என்கிறார். கணக்கு மிகையே, ஆனால் கடைசி வாரங்களில் இருக்கும் பெண்ணைக் கேட்டால் அதுவே சரியான கணக்கு என்பாள். பாடியவர் பெண்பாற் புலவர் என்பது தற்செயல் ஆகாது. காஞ்சியில் பாடிய அவருக்கும் புளியே தோன்றியது. வளைகாப்புப் பந்தியிலும் புளியோதரை இல்லாத இலை இல்லை. குருகூரில் பிள்ளைக்கு நிழல் தரவும் புளியே வந்து நின்றது.

குருகூரின் பிள்ளை பிறந்தது. அழவில்லை; கண் திறக்கவில்லை; பால் உண்ணவில்லை. உலக இயல்புக்கு மாறாக இருந்ததால் மாறன் என்று பெயரிட்டு, 12-ஆம் நாளில் அப்புளியின் அடியில் கொண்டு விட்டார்கள் என்கிறது மரபு. அப்படியே பதினாறு ஆண்டுகள். உண்ணாத பிள்ளையின் தெய்விகத்தை உரையாசிரியர்கள் வியந்து எழுதினார்கள். சுரந்த பால் என்ன ஆயிற்று என்று எவரும் எழுதவில்லை. அருகில் ஸ்ரீவைகுண்டத்திலும் அத்தகைய காத்திருப்பு ஒன்று நிகழ்ந்தது. 5 வயது வரை வாய் திறவாதிருந்த குமரகுருபரரைப் பெற்றோர் திருச்செந்தூருக்குச் சுமந்து சென்றார்கள். பின்னாளில் மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய அவரும் காப்பிலிருந்துதான் தொடங்கினார்.

இன்று அச்சம் பெரிதும் குறைந்துவிட்டது. 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018-இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. 2008-இல் வந்த 108 வண்டி சிற்றூர் வாயிலிலும் நிற்கிறது. அரசு மருத்துவமனைகளில் 2015-இல் வழங்கத் தொடங்கிய 16 பொருள் அடங்கிய குழந்தைப் பெட்டகத்தில், கொசுவலைக்கும் கிலுகிலுப்பைக்கும் இடையே தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. பாட்டியின் சுக்கு மருந்து பெட்டிக்குள் ஏறிக்கொண்டது. அப்பெட்டகமும் பிறந்த பின்னரே தரப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மதுரகவியார் புளியடியில் வந்து நின்று பதினாறு ஆண்டு மௌனத்தைக் கலைத்த வினா யாவரும் அறிந்தது. உயிரற்ற ஒன்றின் வயிற்றில் சிற்றுயிர் பிறக்குமாயின் அதன் உணவு எது, கிடக்கும் இடம் எது என்று அவர் கேட்டார். அதனை உடலும் உயிரும் பற்றிய தத்துவமாக விரித்தவர்கள் பலர். அவ்விரு கேள்விகளும் நிறைமாதத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்படுபவை: என்ன உண்ணும், எங்கே கிடக்கும். பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு, துணியை மடித்துக்கொண்டே, உடையநங்கையாரும் கேட்டிருப்பார்.

அந்தப் பாட்டு இன்னும் எழுதப்படவில்லை. வளைகாப்பில் பெண்கள் பாடும் பாட்டுகளோ ஏட்டில் ஏறாமலே கிடக்கின்றன. வட்டத்துக் கவிஞர்கள் தத்தம் வீட்டு ஆச்சிமார் வாயிலிருந்து அவற்றை எழுதி வந்து அடுத்த கூட்டத்தில் படிக்கலாம். அதன்பின் காப்புப் பருவத்துக்கு முன்னே வைக்கத்தக்க அந்தப் பருவத்துக்கு ஒரு பெயரும் தேடலாம்.