பத்தியமும் பதிவேடும்

மருந்து பாதி, பத்தியம் பாதி என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. பத்தியம் என்ற சொல்லில் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன. வைத்தியர் விதித்தது என்பது ஒன்று. சில நாட்களில் முடிந்துவிடும் என்பது மற்றொன்று. பேதிக்கும் காய்ச்சலுக்கும் நம் வீடுகளில் இருந்துவந்த பத்தியம் அத்தகையதே. ஆனால் உடற்பருமனுக்கும் நீரிழிவுக்கும் அஞ்சி, மாவுச்சத்தைக் குறைத்து உண்பவரின் பத்தியம் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிலும் நீள்வது. நெடுவழிக்குத் துணை வேண்டும். சாதாரண நோட்டுப் புத்தகம் ஒன்றே அத்துணையாகும் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இவ்வகை உணவு முறையைப் பொதுமக்களிடையே பெரிதும் பரப்பியவர் மருத்துவர் அல்லர். லண்டன் மாநகரில் சவ அடக்கத்துக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்யும் தொழில் நடத்திவந்த வில்லியம் பான்டிங் என்பவர் அவர். ஐந்தடி ஐந்தங்குல உயரமுள்ள அவர், தமது அறுபதுகளில் 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ எடை இருந்தார். குனிந்து காலணியைக் கட்ட இயலவில்லை. படியிறங்கும்போது மூட்டுக்களில் பாரம் தாக்காதிருக்க, பின்புறமாகத் திரும்பி மெல்ல மெல்ல இறங்குவார். இந்நிலை நீங்க அவர் செய்யாத முயற்சி இல்லை. விடியற்காலையில் படகு வலித்தார். உடல் வலுத்தது, உடன் பசியும் வலுத்தது, எடை மேலும் ஏறியது. கடல் நீராடினார், குதிரைச் சவாரி செய்தார், நீராவிக் குளியல் எடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

செவிப்புலன் மங்கவே, வில்லியம் ஹார்வி என்ற காது வைத்தியரிடம் சென்றார். பாரிஸ் நகரில் கிளாட் பெர்னார் என்னும் அறிஞர் கல்லீரலையும் நீரிழிவையும் குறித்து வெளியிட்ட கருத்துகளைக் கேட்டறிந்தவர் ஹார்வி. ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை இயன்ற அளவு விலக்குமாறு அவர் பணித்தார். பான்டிங் பணிந்தார். அதோடு மற்றொன்றும் செய்தார்: ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தம்மை நிறுத்து, தேதியிட்டுக் குறித்துவந்தார். 1863ஆம் ஆண்டில் தம் அனுபவத்தைச் சிறு நூலாக அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அதன் பின்வந்த பதிப்புகளில் காணும் எடைப்பட்டியலே நமக்கு இன்று பாடம்.

1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் தேதி 202 பவுண்டு. அக்டோபர் 19ஆம் தேதிக்குள் 193. டிசம்பர் வரை, தவணைக்கு மூன்று பவுண்டு வீதம் இறங்கிற்று. அடுத்த ஜனவரியிலிருந்து மார்ச் வரை தவணைக்கு இரண்டு பவுண்டே குறைந்தது. ஏப்ரலில் மீண்டும் மூன்று. கோடை கழியும்போது இரண்டு, பின்னர் ஒன்று, 1863 செப்டம்பர் 12ஆம் தேதி, பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தையும் அவர் விடாமல் எழுதினார். மொத்தத்தில் 46 பவுண்டு, அதாவது 21 கிலோ குறைந்தது. இடுப்பின் சுற்றளவு பன்னிரண்டே கால் அங்குலம் சுருங்கியது. அவர் பெயரே ஆங்கிலத்தில் உணவைக் கட்டுப்படுத்துவதற்கான வினைச்சொல்லாயிற்று. ஆங்கிலம் அதை ஏறக்குறைய மறந்துவிட்டது. ஸ்வீடிஷ் மொழியிலோ 'பான்டா' என்றால் இன்றும் எடை குறைக்கப் பத்தியமிருத்தல் என்றே பொருள்.

மூன்று மாத காலம் வேகம் தளர்ந்தபோது, அவர் கையில் பட்டியல் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? "இனிப் பயனில்லை" என்று அவர் கைவிட்டிருக்கக் கூடும். பத்தியத்தைக் கைவிடுபவர்களுட் பலர், அது பலிக்காததால் கைவிடுவதில்லை. பலிப்பது கண்ணுக்குத் தெரியாததால் கைவிடுகிறார்கள்.

இங்கே உடலின் இயல்பை ஒரு சிறிது அறிதல் நலம். நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற பொருளாகச் சேமித்து வைக்கின்றன. அந்த இருப்பு சுமார் அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் இந்த இருப்பு கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. தராசில் இரண்டு கிலோ குறைகிறது, உள்ளம் துள்ளுகிறது. அது பெரும்பாலும் நீரே. பின்னர் ஒரு கலியாண வீட்டில் சாப்பாடும் பாயசமும் உண்டு வந்தால், மறுநாள் ஒன்றரைக் கிலோ ஏறி நிற்கிறது, உள்ளம் சோர்கிறது. அதுவும் பெரும்பாலும் நீரே. முதல் வாரத்து மகிழ்ச்சியும் விருந்துக்கு மறுநாள் துயரமும் ஒரே குடத்துத் தண்ணீர்தான். இதை அறிந்தவர் ஒரு நாள் எடையைக் கண்டு தீர்ப்புக் கூறமாட்டார்.

ஆகவே பதிவேட்டை எழுதும் முறை முக்கியம். காலையில் எழுந்து, காலைக்கடன் முடித்து, எதுவும் உண்ணுமுன், ஒரே தராசில் நிறுக்க வேண்டும். ஏழு நாள் எடையின் சராசரியை எடுத்து, அதைச் சென்ற வாரச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். மாதம் இருமுறை இடுப்பின் சுற்றளவைக் குறிக்க வேண்டும். நம் நாட்டு ஆடவருக்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிருக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லை எனக் கொள்ளப்படுகின்றன. எடை அசையாத வாரங்களில் இடுப்பு சுருங்குவதுண்டு. உண்டதை உண்டவுடன் எழுதுக. இரவில் நினைவுகூர்ந்து எழுதினால், மாலை நாலு மணித் தேநீரின் சர்க்கரையும், அதனுடன் வந்த பிஸ்கோத்தும் நினைவுக்கு வாரா.

பத்தியம் தவறிய நாளுக்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அங்கே "தவறினேன்" என்று மட்டும் எழுதுவதில் பயனில்லை. எங்கே, எப்போது, என்ன நேர்ந்தபோது தவறியது என்பதே வேண்டுவது. இரண்டு மாதம் எழுதிப் புரட்டினால், தவறுதல்கள் தாறுமாறாக வருவதில்லை என்பது விளங்கும். சிலருக்கு அவை பகலுணவைத் தவிர்த்த நாளின் மாலையில் வரும். சிலருக்கு உறவினர் வீட்டில் வரும். சிலருக்கு உறக்கம் கெட்ட இரவுக்கு மறுநாள் வரும். காரணம் தெரிந்தால் முன்னேற்பாடு செய்யலாம். பான்டிங்கும் இவ்வாறே தம்மைச் சோதித்தார். நாளொன்றுக்கு ஓர் அவுன்சுக்கும் குறைந்த சர்க்கரையைச் சேர்த்துப் பார்த்து, அதனால் ஒரு வாரத்தில் ஏறத்தாழ ஒரு பவுண்டு எடை கூடுவதைத் தராசின் வாயிலாகவே அறிந்தார்.

நம் நாட்டுக்கு இது விளையாட்டன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வொன்று, நீரிழிவு உள்ள இந்தியர் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று 2023ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. நாம் பெறும் சக்தியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வுத் தொடர் 2025இல் தெரிவித்தது. வடநாட்டில் குடியேறிய தமிழர் பலர் இரவில் சோற்றை நீக்கிச் சப்பாத்திக்கு மாறி, பெரிய தியாகம் செய்ததாக நிம்மதியடைவதைத் தலைநகரில் காண்கிறேன். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம். கோதுமை மாவிலும் 65 கிராமை ஒட்டி இருக்கிறது. தானியத்தை மாற்றுவதால் மட்டும் பயன் காணோம்; மொத்த அளவு குறைய வேண்டும் என்பதே அந்த ஆய்வின் முடிவும். சோறு பாதியானால், குறைந்த இடத்தைக் காய்கறியும் கீரையும், தயிர், முட்டை, மீன், நிலக்கடலை போன்றவையும் நிரப்ப வேண்டும். பருப்பு நல்லதே; ஆனால் அதிலும் பாதிக்குமேல் மாவுச்சத்து உண்டு என்பதால் அதையும் கணக்கில் எழுதுக.

அயலார் அனுபவம் நமக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 609 பேரிடம் ஓராண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பைக் குறைத்தவர்களும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களும் சராசரியாக ஐந்தாறு கிலோ இளைத்தனர். இரு சாராருக்குமிடையே கருதத்தக்க வேறுபாடில்லை. ஆனால் ஒவ்வொரு சாராரிலும் சிலர் மிக இளைத்தனர், சிலர் பருத்தனர். ஆகவே உங்கள் உடல் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை உங்கள் ஏடு ஒன்றே சொல்லும். ஏறத்தாழ 1,700 பேரைக் கொண்டு 2008இல் வெளியான மற்றோர் ஆய்வில், நாள்தோறும் உண்டதை எழுதிவந்தவர்கள், எழுதாதவர்களைப் போல் இருமடங்கு எடை குறைந்தனர்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலின் ஊசியோ சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தால், இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை உண்பவருக்கு இரத்தத்தில் அமிலம் மிகும் அபாயமும் உண்டு. கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளரும் தாமாக இதில் இறங்கலாகாது. மருத்துவரிடம் செல்லும்போது ஏட்டையும் எடுத்துச் செல்லுங்கள். "ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன்" என்ற வாய்மொழியைவிட, தேதியிட்ட நான்கு பக்கங்கள் அவருக்கு மிகுதியாக உதவும்.

வணிகன் இலாபத்தை மட்டும் எழுதி நஷ்டத்தை மறைத்தால், ஏமாறுபவன் அவனே. உடலின் கணக்கும் அத்தகையது. குறைந்ததை எழுதுங்கள், கூடியதை எழுதுங்கள், அசையாது நின்ற பூஜ்யத்தையும் எழுதுங்கள். பத்தியம் ஒரு நாள் தவறலாம். பதிவு மட்டும் தவறாதிருக்கட்டும். பதிவு இருக்கும்வரை பத்தியத்துக்குத் திரும்பும் வழி திறந்தே இருக்கும்.