லோரி என்ஜினில் ஆடும் வளையம்

(ஜார்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில், லோரி பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

பால்மரம் வெட்டுகிறவர்களிடம் லோரி என்ஜினைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நிரம்ப இருக்கிறது. நீங்கள் விடியலில் எழுந்து எடுக்கும் பாலை ஆலைக்குக் கொண்டு சேர்ப்பது லோரி. பல தோட்டங்களில் பால்மரம் போய் எண்ணெய்ப்பனை வந்துவிட்ட இந்நாளிலும் லோரி போய்விடவில்லை. அது பாதி வழியில் நின்றால் பால் தொட்டியிலேயே உறைந்துபோகும். பழியோ டிரைவர் தலையில் விழும். 1985-ம் ஆண்டில் திறக்கப்பட்ட நமது பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. பாரத்தோடு அங்கே நின்றுவிட்ட டிரைவரைக் கேட்டுப் பாருங்கள், என்ன பாடு பட்டான் என்று சொல்வான்.

என்ஜினின் முகப்பில், விசிறிக்குக் கீழே, பெல்ட் ஓடும் கனத்த சக்கரம் ஒன்று உண்டல்லவா? அதைப் பலரும் வெறும் புல்லி என்றே எண்ணுகிறார்கள். புல்லி வேலை அதற்கு இரண்டாவது வேலைதான். முதல் வேலை நடுக்கத்தை அடக்குவது. ஹார்மோனிக் பேலன்சர் என்பார்கள். டேம்பர் என்றும் சொல்வார்கள். நடுவே இரும்புக் குடம், வெளியே கனத்த இரும்பு வளையம், இரண்டுக்கும் இடையில் மெல்லிய ரப்பர் பட்டை. இவ்வளவுதான் அதன் உடம்பு.

இது எதற்கு? ஆறு சிலிண்டர் என்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது, விநாடிக்கு நூறு முறை எரிபொருள் வெடித்துக் கிராங்க் தண்டை அடிக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அந்த எஃகுத் தண்டு, ஈரத்துணி பிழிவதுபோல், கண்ணுக்குத் தெரியாத அளவில் முறுகி மீள்கிறது. காண்டா கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கி நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கம்பு துள்ளும் தாளமும் கால் வைக்கும் தாளமும் ஒன்றாகிவிட்டால் துள்ளல் பெருகிப் பால் சிந்தும். நீங்கள் உடனே நடையை மாற்றுவீர்கள். கிராங்க் தண்டுக்கு நடையை மாற்றத் தெரியாது. அதற்காக வெளிவளையம் ரப்பர்மேல் சற்றே பின்தங்கி அசைந்து, அந்தத் துள்ளலை வாங்கி வெப்பமாக்கிவிடுகிறது. ஆரம்ப காலத்து ஆறு சிலிண்டர் மோட்டார் வண்டிகளில் இது இல்லாமல் தண்டுகள் ஒடிந்தன. இங்கிலாந்துப் பொறியாளர் லான்செஸ்டர் இத்தகைய அடக்கி ஒன்றுக்கு 1910-ம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

நம் மரத்துப் பாலுக்கு எண்ணெய் ஆகாது. ஊறினால் உப்பும், வெப்பத்தில் வெடிக்கும். ஆகையால் இப்பொழுது பெரும்பாலும் செயற்கை ரப்பரே போடுகிறார்கள். அதற்கும் ஆயுள் உண்டு. வருஷக்கணக்கில் என்ஜின் சூடும், கசியும் எண்ணெயும் பட்டுப்பட்டு அது இறுகும், கீறும், இரும்பைவிட்டு நழுவும். அப்போதுதான் வளையம் ஆடத் தொடங்குகிறது.

ஆட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பக்கவாட்டில் நின்று பாருங்கள். விசிறிக்கும் வளையத்துக்கும் நேராக ஒருநாளும் நிற்காதீர்கள். சாரோங்கோடும் தோளில் துண்டோடும் அங்கே குனியவே கூடாது. வளையம் நெளிந்து சுற்றுகிறதா? பெல்ட் ஒரு பக்கமாகத் தேய்ந்து கறுப்புத் தூள் கொட்டுகிறதா? புதுப் பெல்ட் போட்டும் கழன்று விழுகிறதா? முன்மூடியில் இரும்பு உரசிய வட்டம் தெரிகிறதா? குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுக்கம் கூடுகிறதா? சந்தேகம் கொள்ளுங்கள்.

பிறகு என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, குடத்திலிருந்து ரப்பர் வழியாக வெளிவளையம் வரை வெள்ளைச் சாயத்தால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். லோரி ஒருநாள் வேலை செய்யட்டும். மறுநாள் கோடு ஒடிந்து இரண்டாக நின்றால் ரப்பர் பிடி விட்டுவிட்டது என்று பொருள். சில கம்பெனிகள் இந்தக் கோட்டைத் தாமே வெட்டி அனுப்புகின்றன. கோடு 1.59 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால், அல்லது ரப்பர் இரும்பின் முகத்திலிருந்து 3.18 மில்லிமீட்டருக்கு மேல் உள்வாங்கினால் மாற்று என்பது கம்மின்ஸ் என்ஜின் கைநூலின் கணக்கு.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். லோரி நின்ற நிலையில் 'டக் டக்' என்று அடித்தது. பேரிங் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும், டிரைவர் எண்ணெய் பார்க்காமல் ஓட்டியிருக்கிறான் என்று மேலே அறிக்கை போய்விட்டது. கோடு போட்டுப் பார்த்தோம். மறுநாள் ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. மாற்றியது ஒரு வளையமும் ஒரு எண்ணெய் சீலும்தான், சத்தம் நின்றது. என்ஜினைப் பிரித்திருந்தால் யார் மேல் செலவு எழுதியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லா ஆட்டமும் ரப்பரால் வருவதல்ல. கம்பியொன்றை வளையத்தின் ஓரத்தில் அசையாமல் பொருத்தி, என்ஜினைக் கையால் சுற்றி இடைவெளியைக் கவனியுங்கள். குடம் நேராகச் சுற்றி வெளிவளையம் மட்டும் நெளிந்தால் ரப்பர். குடமே நெளிந்தால் போல்ட் தளர்ந்திருக்கலாம், சாவித்துண்டு தேய்ந்திருக்கலாம், தண்டின் மூக்கே வளைந்திருக்கலாம். அப்போது புது வளையம் போட்டும் பயனில்லை. கனரக லோரிகள் சிலவற்றில் ரப்பர் கிடையாது. மூடிய டப்பாவுக்குள் கெட்டிச் சிலிக்கோன் எண்ணெயில் வளையம் மிதக்கும். அதில் ஒரு நசுங்கல் விழுந்தாலும், கசிவு தெரிந்தாலும் மாற்ற வேண்டியதே. கோட்டுச் சோதனை அதற்குப் பொருந்தாது.

மாற்றும் வேலைக்கு வருவோம். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பெல்ட்டும், இடம் போதாவிட்டால் விசிறியும் ரேடியேட்டரும் வெளியே வரட்டும். நடுபோல்ட்டைக் கழற்றும்போது ஃபிளைவீலைப் பூட்டிப் பிடிக்க வேண்டும். ஸ்பானரைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை அடித்துப் போல்ட்டைக் கழற்றும் 'கெட்டிக்காரர்கள்' உண்டு. கை எலும்பு போன பிறகு கெட்டிக்காரத்தனத்தால் என்ன லாபம்? குடத்தில் உள்ள திருகுத் துளைகளில் இழுப்பானைப் பூட்டி இழுங்கள். வெளிவளையத்தைக் கொக்கி போட்டு இழுத்தால் நல்ல ரப்பரும் கிழியும். சம்மட்டி இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். உட்புறம் கிராங்க் பேரிங்கும் அடி வாங்கும்.

வளையம் கழன்றதும் தண்டின் மூக்கு, சாவித்துண்டு, அதன் பள்ளம் ஆகியவற்றைத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் சீலைக் கையோடு மாற்றுங்கள். பழைய ரப்பரைக் கெடுத்தது பெரும்பாலும் அந்தக் கசிவாகவே இருக்கும். புதிய சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, வளையத்தைத் திருகு கொண்டு மெல்ல ஏற்றி, அந்த என்ஜினின் கைநூல் சொல்லும் முறுக்குக்கு அளவு ஸ்பானரால் இறுக்குங்கள். கைக்கணக்கு போதாது. பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதே என்று கைநூல் சொன்னால் போடாதீர்கள். ஆடுகிறதென்று வெளிவளையத்தைக் குடத்தோடு வெல்டிங் வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் நிற்கும், உண்மைதான். நடுக்கத்தை வாங்க ஆளில்லாமல் கிராங்க் தண்டு ஒடியும். அப்படியே விட்டாலோ, ஒருநாள் வளையம் கழன்று ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு பாயும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவர் வந்து 'முன்சக்கரம் ஆடுகிறது' என்று சொன்னால், தேதியோடு புத்தகத்தில் எழுதுங்கள். அந்த ஒரு வரி பின்னால் அவன் சம்பளத்தைக் காப்பாற்றும். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ம் பிரிவு, சட்டம் அனுமதித்த வகைகளைத் தவிர வேறெதற்கும் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்கிறது. ரப்பர் கிழடுதட்டியது அந்த வகைகளில் சேராது. மேலும், 2024 ஜூன் முதல் அமலில் உள்ள பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின் 26ஏ பிரிவின்படி, உடனடி ஆபத்து இருக்கிறதென்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளிக்கு அறிவித்தும் ஆபத்து நீக்கப்படாவிட்டால் அவ்விடத்தைவிட்டு விலகலாம். அறிவித்ததற்கு அத்தாட்சி வேண்டுமே. அதுவும் உங்கள் புத்தகம்தான்.

சாமான் வாங்கும்போது என்ஜின் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். லோரியின் பெயர் மட்டும் போதாது. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். அலமாரியில் சும்மா கிடந்தாலும் ரப்பர் முதுமையடையும்.

கழற்றிய வளையம் ஒன்றை மேசைமேல் வைத்திருக்கிறேன். கோடு எங்கே ஒடிந்திருக்கிறது என்று அருகில் வந்து பாருங்கள். ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிறகு கேள்விகளைக் கேளுங்கள்.