கணிப்பொறிக்குத் ‘தெரியாது’ என்றால் என்ன?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் கோம்பைக்காரன். எங்க ஊர்ப் பெரியவர்களிடம் வயது கேட்டுப் பாருங்கள். “பெரிய மழை பெஞ்ச வருஷம் பொறந்தேன், அதெல்லாம் யாருப்பா எழுதி வச்சா?” என்பார்கள். அவர்களைக் கணிப்பொறிப் பட்டியலில் ஏற்றினால் வயதுக் கட்டம் காலி. எஸ்.க்யூ.எல். மொழியில் அதற்கு ‘நல்’ என்று பெயர். நல்லது கெட்டதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! பூஜ்யமும் அல்ல, ‘மதிப்பு தெரியவில்லை’ என்ற அடையாளம், அவ்வளவுதான்.

இதனால் மெய், பொய் என்ற இரண்டோடு ‘தெரியாது’ என்று மூன்றாவது விடை வருகிறது. போலந்து நாட்டு லூகாசியேவிச் 1920-லேயே மூன்று மதிப்புத் தர்க்கம் பேசியவர். ஐ.பி.எம்.மின் எட்கர் காட் 1979-ல் அதைத் தரவுத்தளத்துக்குக் கொண்டுவந்தார். உத்தமபாளையம் பாறையில் சிற்பம் செதுக்கிய சமணர்களின் தர்க்கத்திலும் ‘அவக்தவ்யம்’, அதாவது சொல்லவொண்ணாதது, என்று ஒன்று உண்டு. ஆனால் அது வேறு, நல் வேறு. எல்லாம் நம்ம முன்னோர் சொன்னதுதான் என்று கைதட்டல் வாங்க எனக்கு மனசில்லை.

கணக்கு எளிது. சந்தையும் இருக்கணும், மழையும் பெய்யக்கூடாது, அப்பத்தான் கம்பம் போவேன் என்கிறீர்கள். சந்தை இல்லை என்று தெரிந்தால் மழையை விசாரிக்கவே வேண்டாம், விடை பொய். சந்தை உண்டு, மழை தெரியாது என்றால் விடையும் தெரியாது. ‘அல்லது’ போட்டால் ஒரு பக்கம் மெய்யானாலே போதும், மெய். தெரியாததற்கு ‘இல்லை’ போட்டாலும் தெரியாததுதான்.

வம்பு இனிமேல்தான். 100 பேர் பட்டியல் என்று வையுங்கள். முதியோர் உதவித்தொகைக்காக 60 வயது நிறைந்தவர்களை எடு என்றால் 55 பேர். நிறையாதவர்களை எடு என்றால் 30 பேர். மிச்சம் 15 பேர் எங்கே? ‘வேர்’ நிபந்தனை மெய்யை மட்டும்தான் எடுக்கும். தகுதியானவர் பட்டியலிலும் பெயரில்லை, நிராகரித்தவர் பட்டியலிலும் பெயரில்லை. அந்த ஆத்தா யாரிடம் போய் என்ன காரணம் கேட்கும்?

இன்னொரு கூத்து. வயது 60-க்குக் குறையக்கூடாது என்று ‘செக்’ கட்டுப்பாடு போட்டாலும் காலிக் கட்டம் உள்ளே வந்துவிடும். அது பொய்யை மட்டும்தான் தடுக்கும். வாசலில் விடுவான், பந்தியில் இலை போடமாட்டான்!

‘நாட் இன்’ இன்னும் மோசம். ஏற்கெனவே பணம் பெற்றவர்களின் எண்கள் ஒரு பட்டியலில். அதில் இல்லாதவர்களைக் கேட்கிறோம். அதில் ஒரே ஒரு எண் காலியாக இருந்தாலும் ஒருத்தர்கூட வரமாட்டார். அந்தக் காலி எண் இவருடையதாகவே இருக்கலாமே என்று கணிப்பொறி கைவிரித்துவிடும். அங்கே ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ போடுங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளே, வேலைக்குப் போனதும் இப்படிப் பட்டியல் எடுக்கச் சொல்வார்கள். இரண்டோடு நிறுத்தாமல் ‘இஸ் நல்’ போட்டு மூன்றாவதையும் எடுங்கள். (‘= நல்’ என்று எழுதினால் ஒன்றும் வராது.) அந்த 15 பேரையும் அச்சடித்து, வீடு தேடிப் போய் விசாரிக்கச் சொல்லி அதிகாரி மேசையில் வையுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.