பேர் சொல்லி ஜெபிக்கிற சபை

(தோட்டத்து ஜெபக்குழுக்களின் ஒன்றுகூடலில் செய்த பேச்சு. பேச்சுத் தமிழை அதிகம் திருத்தாமல் அச்சிடுகிறோம்.)



"சபையாகக் கூடி ஜெபிப்பது" என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் மூன்று மணித்தியாலம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு தெரியாது. உங்களுக்கும் பின்னேரம் மாடு கன்று பார்க்கிற வேலை இருக்கும். அதனால் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுகிறோம். பேர் என்கிற சொல்.

தோட்டத்தில் பேர் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று, அம்மா அப்பா வைத்த பேர். மற்றது செக்ரோலில் விழுகிற பேர். "இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று கேட்கிறோம். "அரைப்பேர்தான் போட்டாங்க" என்று பதில் வருகிறது. காலையிலிருந்து மழையில் நனைந்து கொழுந்தெடுத்த ஒரு முழு மனுசி, நிறை குறைந்தால் அரைப்பேராகிவிடுகிறாள். காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குப் பேரே இல்லை. வெளியூர் ஆட்களுக்கு இந்தப் பேச்சு விளங்காது. நமக்கு விளக்கம் வேண்டியதில்லை.

நம்ம ஆட்கள் இந்த மலைக்கு வந்த நாளிலிருந்தே இந்தத் தகராறு உண்டு. கோப்பிக் காலத்தில் மன்னார்ப் பக்கம் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுப் பாதையில் நடந்து வந்தார்கள். வழியிலே விழுந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கல்லும் இல்லை, எழுத்தும் இல்லை. பிறகு 1900களின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவரும்போது தகரத் துண்டு கொடுக்கிற முறை வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் அதில் பொறித்திருக்கும். வழியில் கேட்கிறவன் தகரத்தைத்தான் பார்ப்பான். முகத்தையும் பார்க்க வேண்டாம், பேரையும் கேட்க வேண்டாம்.

சபை மட்டும் அந்தக் காலத்தில் சுத்தமாக இருந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1854ம் ஆண்டில் சர்ச் மிஷனரிச் சங்கத்தார் தோட்டத் தொழிலாளருக்கென்று ஓர் ஊழியம் தொடங்கினார்கள். கோப்பித் தோட்டத் துரைமார் சிலரும் பணம் கொடுத்தார்கள். திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். அந்த ஊழியத்துக்கு வைத்த பேர் என்ன தெரியுமா? 'தமிழ் கூலி மிஷன்'. வேதம் சொல்ல வந்த இடத்திலும் நாம் கூலிதான்! பிற்காலத்தில்தான் அந்தச் சொல்லை எடுத்தார்கள். துரைமாருக்கு இங்கிலீஷில் ஓர் ஆராதனை, நமக்குத் தமிழில் வேறோர் ஆராதனை என்றும் இருந்தது. டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி நிற்கிற வார்லி தேவாலயம் 1878இல் எழும்பியது. கருங்கல்லில் இப்படித் துரைமார் கட்டிய கோவில்கள் இன்னும் பல இடங்களில் நிற்கின்றன. நமக்குள்ளேயே ஜாதி பார்த்துத் தள்ளி உட்கார்ந்த காலமும் இருந்தது. அது முழுக்கப் போய்விட்டதா என்பதை அவரவர் கல்யாணப் பேச்சின்போது யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் ஒரு காரியம் நடந்தது. ஞானஸ்நானம் கொடுக்கிறவர் பேர் கேட்காமல் கொடுக்க முடியாது. உபதேசியார் மலையேறி லயத்துக்கு வந்து, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டார். தகப்பன் பேர், தாய் பேர், தோட்டத்தின் பேர், தேதி, எல்லாம் புத்தகத்தில் ஏறியது. செக்ரோல் மாதா மாதம் மாறும். இந்தப் புத்தகத்தில் ஒருமுறை எழுதினால் எழுதினதுதான். பிள்ளை எத்தனை கிலோ எடுக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அதே போலத்தான் லயத்து ஜெபக்கூட்டமும். பருப்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, குப்பிலாம்பைக் கொளுத்தி, பாய் விரித்து, பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு காம்பராவில் நெருக்கி உட்கார்ந்த கூட்டங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அது பெரிய காரியம். மற்றவர்களுக்குக் கீர்த்தனை மனப்பாடம். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864 வரை வாழ்ந்தவர். அவரும் அவர் வழியில் வந்தவர்களும் செய்த கீர்த்தனைகள் நம்ம ஆட்களோடு கடல் தாண்டி வந்தன. புத்தகம் இல்லாமலே தலைமுறை தலைமுறையாகப் பாடினோம். பக்கத்துக் காம்பராவுக்கும் நமக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தானே? அங்கே இருக்கிற மாரியம்மன் பக்தைக்கும் நம்ம பாட்டு பாதி பாடம்.

பாட்டு முடிந்தால் மன்றாட்டு. அங்கேதான் பேர் வரும். "டிஸ்பென்சரிக்குப் போன அக்காவுக்காக", "சோதனை எழுதுகிற பிள்ளைக்காக" என்று பேர் சொல்லிச் சொல்லி ஜெபிப்பார்கள். மலையில் அரைப்பேர் வாங்கி வந்தவளுக்கு இங்கே முழுப்பேர். எங்கள் அனுபவத்தில் ஜெபக்கூட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பிரசங்கம் நல்லாயிருந்தது, சுமாராயிருந்தது என்பதெல்லாம் அடுத்த நாள் பெரட்டுக்களத்தில் மறந்துபோகும். "என் பேரைச் சொல்லி ஜெபித்தாங்க" என்பதை ஒருத்தி முப்பது வருசம் ஞாபகம் வைத்திருப்பாள்.

பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரிச் சபைக்கு எழுதிய நிருபத்தின் 16ம் அதிகாரத்தை நாம் அநேகமாக வாசிப்பதில்லை. வெறும் பேர்ப் பட்டியல் என்று தாண்டிவிடுகிறோம். வீட்டுக்குப் போய் ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். இத்தனை பெண்கள்! இவர்களில் சிலரைப் பற்றி, கர்த்தருக்காகப் பாடுபட்டு உழைத்தவர்கள் என்று விசேஷமாக எழுதியிருக்கிறார். அந்தப் பட்டியலில் வருகிற பேர்களில் பல, அந்தக் காலத்து அடிமைகளுக்கு வைக்கிற பேர்கள் என்று வேதம் படித்தவர்கள் சொல்லுகிறார்கள். வீட்டு எசமானுடைய கணக்கில் ஆடு மாடு மாதிரி எண்ணப்பட்டவர்கள், சபையின் கடிதத்தில் பேரோடு நிற்கிறார்கள்.

நம்ம கூட்டங்களை உடைத்த சம்பவங்களும் உண்டு. 1948ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சம் இருந்த ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணனுக்கு ஒரு நாடு, தம்பிக்கு ஒரு நாடு. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்று சொன்னது சும்மா இல்லை. கூட்டமாக உட்கார்ந்து ஜெபித்தவர்களில் பாதிப் பேர் கூடலூர், கோத்தகிரி என்று போய்விட்டார்கள். ஒரு லயத்தில் ஒரு பாட்டி, அப்படிப் போனவர்களின் பேரை வரிசையாக, வீட்டு நம்பர் மாறாமல், சாகும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்லி ஜெபித்தார். கேட்டுக்கொண்டிருந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஆட்களின் முகம் தெரியாது, பேர் மட்டும் பாடம். பிறகு ஒரு நாள் அங்கிருந்து ஒரு குடும்பம் சொந்தம் தேடி வந்தபோது, அந்தப் பேரப்பிள்ளைகள்தான் யார் யார் என்று அடையாளம் சொன்னார்கள்.

நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ம் ஆண்டுச் சட்டத்தில் குடியுரிமை வந்தது. சட்டம் வந்தாலும் கையில் கடதாசி வேண்டும். பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் பிந்திப் பதியப் போகிறபோது, ஞானஸ்நானச் சீட்டும் ஓர் அத்தாட்சியாக உதவியிருக்கிறது. அதை வைத்து யாரும் அசட்டையாக இருந்துவிட வேண்டாம். ஞானஸ்நானச் சீட்டு பிறப்புச் சான்றிதழ் ஆகாது. பிள்ளை பிறந்தவுடனே பதிவு செய்யுங்கள். ஆனால் சபைப் புத்தகத்தையும் கரையான் தின்ன விடாதீர்கள். மழைக்கு ஒழுகுகிற மூலையில் அந்தப் பெட்டியை வைத்திருக்கிற கோவில்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். உண்டியலுக்குப் பூட்டு இருக்கிறது, புத்தகத்துக்கு ஒரு பொலித்தீன் உறைகூட இல்லை.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். மன்னிக்க வேண்டும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சபையில் இன்னொரு புத்தகம் இருக்கிறது, சந்தாப் புத்தகம். சந்தா வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். கூரைத் தகரம் யார் வாங்குவது? உபதேசியாருக்கு பஸ் காசு யார் கொடுப்பது? நம்ம கோவிலை நாம்தான் பார்க்க வேண்டும். ஆனால் சில இடங்களில் இந்தச் சந்தாப் புத்தகம் செக்ரோல் மாதிரி ஆகிவிட்டது. ஆறு மாதம் பாக்கி என்றால் வீட்டு ஜெபம் இல்லை. கல்யாணத்துக்குப் போனால் முதலில் பாக்கியைக் கட்டு. சாவு வீட்டிலும் அதே பேச்சு. பிணத்தைக் கிடத்தி வைத்துக்கொண்டு இரண்டு பேர் மூலையில் நின்று கணக்குப் பார்க்கிறார்கள். வெளியே பார்த்தால், குழி வெட்டிக்கொண்டிருக்கிற வாலிபர்களில் பாதிப் பேர் இந்துப் பிள்ளைகள். அவர்கள் யாரிடமும் சந்தா கேட்கவில்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு லயத்தில், தொங்கல் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து அறுப்பின் பண்டிகைக் கணக்கில் சண்டை போட்டார். அவர் செய்தது பிழைதான். அதற்குப் பிறகு ஜெபக்குழு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவர் மனைவி என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவள் பேரும் மன்றாட்டிலிருந்து போய்விட்டது. மூன்று கிழமை அவள் படுக்கையில் கிடந்ததே சபைக்குத் தெரியாது. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது அடுத்த வீட்டு இந்து அம்மாதான். அந்த அம்மா ஒரு நாள் நம்ம ஆட்களிடம், "ஒங்க கூட்டத்துல அவ பேரச் சொல்றதில்லையா?" என்று கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் பதில் வரவில்லை. பிறகு போனார்கள். ஜெபித்தார்கள். அவள் எழும்பி நடக்கிறாள், தோத்திரம். கூட்டத்துக்கு மட்டும் இன்னும் வரவில்லை. "வாறேன்" என்று சொல்லியிருக்கிறாளாம்.

இப்படி நம்ம வாயிலிருந்து விழுந்துபோன பேர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கும். வேறு ஜெபவீட்டுக்கு மாறிப்போன குடும்பம். குவைத்துக்கோ சவூதிக்கோ போய் வந்ததால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிற பெண். இந்துப் பையனைக் கட்டிக்கொண்ட பிள்ளை. கொழும்பில் கடையில் நிற்கிற தம்பிமார். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். கூடுதல் சம்பளம் கிடைக்கிற நாளை விட்டுவிட்டு வா என்று கடன்காரியிடம் சொல்லுவது லேசு. அவளுக்காக ஞாயிறு பின்னேரம் ஒரு சின்னக் கூட்டம் வைப்பதுதான் கஷ்டம். அதை வைத்துப் பார்த்த இடங்களில் ஆட்கள் வருகிறார்கள்.

2020இல் ஊரடங்கு போட்டுக் கோவில் கதவுகள் மூடியிருந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். அவரவர் வாசற்படியில் நின்று பாடினோம். வெளியூர் பிள்ளைகள் கைபேசியில் சேர்ந்து ஜெபித்தார்கள். அந்தப் பழக்கத்தில் நல்லது உண்டு. துபாயில் இருக்கிற மகளின் குரல் லயத்துக் காம்பராவில் கேட்பது சின்னக் காரியமா? ஆனால் கைபேசியில் கைகூப்புகிற படம் ஒன்றைத் தட்டிவிட்டு "ஜெபித்துவிட்டேன்" என்று சொல்லுவதை நாங்கள் ஜெபக்கணக்கில் சேர்க்க மாட்டோம். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் ஒருத்தியின் கை நடுங்குவது தெரியும்.

பேர் சொல்லி ஜெபிப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். "ஆண்டவரே, மூணாம் நம்பர் வீட்டு மருமகளுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று ஜெபிக்கிற மாமியார்மார் இருக்கிறார்கள். சிரிக்கிறீர்கள், அப்படியென்றால் ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள்! அது ஜெபம் இல்லை, லயத்துச் சண்டைக்கு ஆண்டவரை அழைப்பது. ஒருவரின் கஷ்டத்தைச் சபையில் சொல்லுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். வருத்தம், கடன், வீட்டுச் சண்டை, இதெல்லாம் அவர் சம்மதிக்காமல் வெளியே வரக்கூடாது. பேரை மட்டும் சொன்னால் போதும். என்ன வருத்தம் என்று கடவுளுக்குத் தெரியும், பெரட்டுக்களத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

சந்தாப் புத்தகமும் மன்றாட்டுப் புத்தகமும் ஒரே ஆள் கையில் இருக்க வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பொருளாளர் சந்தாவைப் பார்க்கட்டும். மன்றாட்டுப் புத்தகத்தைத் தாய்மார் சங்கத்தில் ஒருவர் வைத்திருக்கட்டும். பாக்கி உள்ளவர், இல்லாதவர் என்று அவருக்குத் தெரியவே கூடாது. சாவு வீட்டில் பணப்பேச்சு இல்லை என்று இன்றைக்கே ஒரு தீர்மானம் எடுக்கலாம். பொருளாளர்மார் இங்கே மூன்று பேர் இருக்கிறீர்கள். கோபப்படாமல் யோசியுங்கள்.

தேத்தண்ணி வருகிறது. பின்னாலிருக்கிற மேசையில் ஒரு வெறும் கொப்பி வைத்திருக்கிறோம், பேனையும் இருக்கிறது. உங்கள் லயத்தில் ஒரு வருசமாக மன்றாட்டில் சொல்லாத பேர் இருந்தால் அதில் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லுங்கள், அது எழுதும். வீட்டு நம்பரையும் போடுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை எந்த வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்பதை, அந்தக் கொப்பியைப் பார்த்துக் குழுத்தலைவர்மார் இப்போதே பேசிக்கொள்ளலாம்.