பாட்டுக் கோப்பும் கணினி மாற்றமும்
(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நம் மன்றத்தில் நிகழ்ந்த ஒரு பிழையைக் கூறி இச்சிற்றுரையைத் தொடங்குகின்றோம். முதிய பாடகர் ஒருவரின் இசையை அன்பர் ஒருவர் தமது அப்பிள் கணினியிற் பதிந்து தந்தார். மன்றத்துக் கணினியோ வேறு இனம். அதிலிருந்த பழைய நிரல் அக்கோப்புகளைத் திறக்கவில்லை. நாம் அவற்றை எம்.பி.3 ஆக மாற்றினோம். பாட்டுக் கேட்டது, மகிழ்ந்தோம். இடம் போதாதென்று மூலக் கோப்புகளை அழித்தும் விட்டோம். பின்னர் இறுவட்டு வெளியிட முயன்றபோது கைத்தாளத்தின் ஓசை கலங்கி ஒலித்தது. அப்பெரியாரோ அதற்கிடையிற் காலமாகிவிட்டார். அன்று நாம் அறியாதிருந்தது யாது என்பதையே இன்று சொல்ல விழைகின்றோம்.

கணினி ஒலியை எண்களாகவே வைத்திருக்கின்றது. 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டின் முறைப்படி, ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலி அளக்கப்படும். இடம், வலம் என இரு தடங்கள். ஒவ்வோர் அளவைக்கும் இரண்டு பைற்று. ஆகவே ஒரு நிமிடப் பாட்டுக்கு 10,584,000 பைற்று வேண்டும்.

அப்பிள் நிறுவனம் 1988இல் வகுத்த ஏ.ஐ.எப்.எப். முறையும், மைக்ரோசொப்ட், ஐ.பி.எம். ஆகியவை 1991இல் வெளியிட்ட வேவ் முறையும் பெரும்பாலும் இவ்வெண்களையே சுமப்பன. வேற்றுமை யாதெனின், முன்னது ஒவ்வோர் எண்ணிலும் பெரும்பகுதியை முதலில் எழுதும். பின்னது சிறுபகுதியை முதலில் எழுதும். நாம் இருபத்தைந்து என்பதை ஜேர்மனியர் ஐந்தும் இருபதும் என்பர், தொகை ஒன்றே. ஆதலின், அளவுகளை மாற்றாது ஒன்றை மற்றதாக்கினால் ஒலி சிறிதும் குறையாது. நாம் செய்திருக்க வேண்டியது அதுவே.

எம்.பி.3 அத்தகையதன்று. செக்கனுக்கு 128 கிலோபிற்று என்ற வழக்கமான அளவில், ஒரு நிமிடப் பாட்டு 960,000 பைற்றில் அடங்கும். மூலத்தில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. காது எளிதில் உணராத கூறுகளை நீக்கியே இச்சுருக்கம் பெறப்படுகின்றது. அதனை மீண்டும் வேவ் ஆக்கினால் கோப்புப் பருக்குமேயன்றி நீக்கியவை திரும்பா. இடித்த மாவை அரிசியாக்க இயலுமோ? இதே வகையான வேறொரு முறைக்கு மாற்றினாலோ, மேலும் சிறிது இழப்போம். கோப்பின் பெயரில் ஈற்றெழுத்துகளை மட்டும் திருத்தி மாற்றிவிட்டதாக எண்ணுவோரும் உளர். பெயர் மாறினும் உள்ளிருப்பது மாறாது.

ஆகவே இளைஞர்களே, மூன்றை மனத்திற் கொள்ளுங்கள். முதலாவது, மூலக் கோப்பை ஒருபோதும் அழியாதீர்கள். இரண்டு இடங்களில் வையுங்கள். இரண்டாவது, இடம் குறைவாயின் 2001இல் வெளிவந்த பிளாக் முறையைக் கைக்கொள்ளுங்கள். அது எதையும் நீக்காமற் சுருக்குவது, எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியது. மூன்றாவது, கைத்தொலைபேசிக்குச் சிறிய பிரதி வேண்டுமெனின், ஒவ்வொரு முறையும் மூலத்திலிருந்தே எடுங்கள். பிரதியிலிருந்து பிரதி எடாதீர்கள். இம்மாற்றங்களைச் செய்ய ஓடாசிற்றி என்னும் இலவச நிரல் போதும். அது பலவகைக் கணினிகளிலும் இயங்கும்.

பெரியோர்களே, தங்கள் இல்லங்களில் பழைய ஒலிநாடாக்களும் பதிவுகளும் இருப்பின் மன்றத்திற்குத் தந்துதவுங்கள். ஒருமுறை செய்த பிழையை மறுமுறை செய்யோம் என்று உறுதி கூறி அமைகின்றோம்.