கண் போன பக்கம் கை போகும்

இன்னிக்கு நான் பண்ண ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு நாள் ராத்திரி, ஆபீஸ்ல பழைய டேட்டாவை அழிச்சிட்டிருந்தேன். எங்க டூல்ல வலது அம்புக்குறியை அழுத்தினா 'அழி', இடது அம்புக்குறின்னா 'வேண்டாம்'. திடீர்னு திரையின் வலது ஓரத்தில் சிவப்பு எச்சரிக்கை: இது லைவ் சர்வர்! பார்த்தேன், புரிஞ்சுது. ஆனா விரல் வலது பட்டனை அழுத்திடுச்சு. பேக்கப் இருந்ததால தப்பிச்சேன். விடிய விடிய ரெஸ்டோர்.

"கவனம் இல்லையா?"ன்னு மேனேஜர் கேட்டார். கவனம் இருந்துச்சு. அது வலப்பக்கம் போனதுதான் சிக்கல்னு இப்போ தோணுது.

உளவியலில் இதுக்குப் பேர் சைமன் விளைவு. ஜே. ரிச்சர்ட் சைமன் 1967-ல் ஒரு சோதனை வெளியிட்டார். ஹெட்போன்ல 'வலது'ன்னு கேட்டா வலது பட்டன், 'இடது'ன்னா இடது பட்டன். எந்தக் காதில் கேட்குதுன்னு பார்க்கவே வேண்டாம். ஆனாலும் 'வலது' என்ற சொல் இடது காதில் வந்தா, மக்கள் தடுமாறினாங்க. கண்ணுக்கும் இதே கதைதான். சிவப்புக்கு வலது பட்டன்னு வெச்சுட்டு, சிவப்பை இடப்பக்கம் காட்டினா, பதில் தாமதமாகும், தப்பும் கூடும். தாமதம் சில பத்து மில்லிசெகண்ட்தான். ஆனா தப்பான பட்டனை அழுத்த அதுவே போதும்.

1974-ல் எரிக்சன் தம்பதி இன்னொரு சோதனை செய்தாங்க. நடுவில் இருக்கும் எழுத்துக்கு மட்டும் பதில் சொல்லணும். 'எச்', 'கே' வந்தா நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளணும். 'எஸ்', 'சி' வந்தா மறுபக்கம். நடுவில் 'எச்', சுத்தி 'எஸ்' இருந்தா வேகம் குறையுது. சுத்தி 'கே' இருந்தா அவ்வளவு குறையல. ஏன்னா 'எச்'சுக்கும் 'கே'வுக்கும் பதில் ஒண்ணுதான். அப்போ மோதல் பார்வையில் மட்டும் இல்லை, பதிலைத் தேர்ந்தெடுக்கிற இடத்திலும் இருக்கு.

1988-ல் வந்த மூளை அலை ஆய்வு இன்னும் சுவாரசியம். இப்படிக் குழப்பும் எழுத்துகள் வரும்போது, கடைசியில் சரியான பதில் சொன்னவர்களின் மூளையும் முதலில் தப்பான கையைத்தான் தயார் செய்திருந்தது!

'பார், யோசி, செய்'னு வரிசையா நடக்கும்னு நாம நினைக்கிறோம். பார்த்துட்டிருக்கும்போதே கை கிளம்பிடுது.

என் தப்புக்கு இது மட்டும்தான் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா எச்சரிக்கையை நடுவுக்கு மாத்திட்டோம். அழிக்கணும்னா இப்போ சர்வர் பெயரை டைப் பண்ணணும். "கவனமா இரு"ன்னு எனக்குச் சொன்னதைவிட இது உருப்படியான வேலை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!